எழுத்திலை தாங்கோ

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே தொலைபேசி எடுப்பாள். "அண்ணை, என்ரை பேரைப் போட என்னட்டை எழுத்திலை அனுமதி கேட்டனீங்களோ?" என்பாள். கேட்டாலும் லேசில் தரமாட்டாள். எந்த இடத்தில், எத்தனை தரம், என்ன காரணத்துக்காக என்று மூன்று கேள்வி திருப்பிக் கேட்பாள். அதற்கெல்லாம் மறுமொழி சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆகையால் 'அவள்' என்றே இருக்கட்டும்.

சுவிஸில் வின்டர்தூர் என்ற ஊரில் ஒரு காவல் நிறுவனத்தின் கிளையில் நாங்கள் இருவரும் எட்டு வருடம் ஒன்றாக வாசல் காத்தோம். எனக்கு முன்வேலை ஓர் உணவகத்தில் சட்டி கழுவுவது. அவளுக்கு முன்வேலை முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்ப்பது. இரண்டு பேருக்கும் ஒரே நிற நீல உடுப்பைக் கொடுத்து, ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டின் இரண்டு வாசலிலும் நிற்பாட்டினார்கள். அந்தக் கிளையில் தமிழர் என்று இருந்தது நாங்கள் இருவர்தான்.

நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப்பட்டியில் அவளுடைய அப்பாவின் பெயர் இருந்தது. தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிடுவது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இந்த நாட்டில் நடந்ததுதான். எனக்கு அது ஒரு பொருட்டில்லை. அவள் ஒவ்வொரு நாளும் அதைக் குத்தும்போது ஏதாவது சொல்லுவாள். "எங்கடை அப்பா தன்ரை சீவியத்திலை ஒருத்தற்றை வாசலிலையும் காவல் நிண்டவரில்லை. இப்ப பாருங்கோ, செத்தாப் பிறகு என்ரை நெஞ்சிலை ஏறி நிண்டு சம்பளம் இல்லாமல் வேலை செய்யிறார்."

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமை எங்கள் கிளைப் பொறுப்பாளர் வந்தார். எல்லாரும் அவரை ஷெஃப், அதாவது மேலதிகாரி, என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், கெட்ட மனிதர் என்று சொல்லமுடியாத வகை. நாங்கள் இருவரும் தமிழில் கதைத்துக்கொண்டு நின்றதைக் கண்டுவிட்டு, வேலை நேரத்தில் டொய்ச், அதாவது ஜெர்மன், மட்டும்தான் பேசவேண்டும் என்றார். நான் 'யா, யா' என்று தலையை ஆட்டினேன். என் கழுத்து இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஆடிப் பழகியது. அவள் தலையை ஆட்டவில்லை.

"ஷ்ரிஃப்ட்லிஹ், பிட்டே" என்றாள். தயவுசெய்து அதை எழுத்தில் தாருங்கள் என்று அர்த்தம்.

ஷெஃப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடிதம் வரவேயில்லை. எட்டு வருடமும் நாங்கள் அந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் தமிழில்தான் கதைத்தோம். யாழ்ப்பாணத்துக் கொட்டடியிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பு வரை கதைக்காத விஷயம் கிடையாது.

ஷ்ரிஃப்ட்லிஹ் என்ற அந்தச் சொல்லை அவள் எங்கே பொறுக்கினாளோ தெரியாது. டொய்ச்சில் ஆயிரம் சொல் இருக்க, அதைத்தான் முதலில் படித்திருப்பாள் என்று நான் பகிடி பண்ணுவேன். ஒரு கண்ணாடித்தாள் கோப்பு எப்போதும் அவளுடைய பையில் இருக்கும். யார் என்ன சொன்னாலும், எழுத்தில் வாங்கி, அந்தக் கோப்புக்குள் போட்டால்தான் அவளுக்கு அது நடந்த மாதிரி.

ஒருநாள் சூக் நகரத்தில் ஒரு பயிற்சிக்காக இருவரும் ரயிலில் போனோம். பெட்டி நிறைய சனம். டிக்கெட் பரிசோதகர் கதவைத் திறந்துகொண்டு வந்தவர், இடையில் இருந்த அத்தனை பேரையும் தாண்டி நேரே எங்களிடம் வந்து நின்றார். நான் அவர் வாய் திறக்கமுன்பே டிக்கெட்டை நீட்டிவிட்டேன். அவள் தன்னுடையதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி சொன்னாள்: "என்னிடம் டிக்கெட் இருக்கிறது. நீங்கள் அந்த முனையிலிருந்து தொடங்கி வாருங்கள். என் முறை வரும்போது காட்டுவேன்."

"பிள்ளை, காட்டிப்போட்டு விடும்" என்று தமிழில் கெஞ்சினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதரின் முகம் சிவந்தது. ஆனால் திரும்பிப் போய் அந்த முனையிலிருந்து தொடங்கினார். எங்களிடம் வந்தபோது அவள் டிக்கெட்டைக் காட்டி, நன்றியும் சொன்னாள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் இறங்கும்வரை எனக்குக் கோபம் ஆறவில்லை. அவள் மேல்தான் கோபம். என் அவசரத்தை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிட்டாளே என்ற கோபம்.

இப்படிப்பட்டவள் துவக்குப் பெர்மிட் கேட்கப்போகிறாள் என்றால் எங்கள் சனம் சும்மா இருக்குமா?

விஷயம் இதுதான். எங்கள் நிறுவனத்தில் வாசலில் நிற்கிறவர்கள் வேறு, வண்டியில் போகிறவர்கள் வேறு. வண்டி என்றால் கடிகாரம், நகை, ஓவியம் போன்ற பெறுமதியான சாமான்களைக் கொண்டுபோகும் வண்டி. சூக்கில் உள்ள ஒரு கட்டடத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போகும். அதில் போகிறவர்கள் சட்டைக்குள் வெளியே தெரியாமல் கைத்துப்பாக்கி வைத்திருக்கவேண்டும். அதற்கு மாநிலப் பொலிஸ் தரும் அனுமதி அட்டை வேண்டும். அதன் பெயர் வாஃபன்ட்ராக்பெவில்லிகுங். அந்தச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் கள்ளன் எல்லை தாண்டிவிடுவான். எங்கள் ஆட்கள் அதைத் துவக்குப் பெர்மிட் என்று சுருக்கிவிட்டார்கள்.

"எனக்குப் பிறகு வந்தவன் எல்லாம் வண்டியிலை ஏறிட்டான் அண்ணை. நான் பழக்கின பொடியன்கூட ஏறிட்டான். நான் மட்டும் கடையின்ரை தள்ளுவண்டிலளை எண்ணிக்கொண்டு வாசலிலை நிக்கிறன்" என்றாள் ஒருநாள். அடுத்த நாளே ஷெஃப்பிடம் போய்க் கேட்டாள்.

உங்களுக்குத் தரமுடியாது என்றார் அவர். காரணமும் சொன்னார். சில நாட்டுக் குடிமக்கள் இங்கே ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எங்கள் நாடும் இருக்கிறது. அப்போது அவளிடம் இருந்தது நிரந்தர வதிவிட அட்டையும் இலங்கைக் கடவுச்சீட்டும்.

அவள் என்ன கேட்டிருப்பாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஷெஃப் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தார். அதை இடைவேளையில் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். ஏழெட்டு நாட்டின் பெயர்கள். நடுவில் எங்கள் நாடு.

"விடும் பிள்ளை. துவக்குக்குத்தானே தடை, சோத்துக்கில்லையே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "இதிலை நான் என்ன செய்தனான் எண்டு ஒரு வரியும் இல்லை அண்ணை. எங்கை பிறந்தனான் எண்டுதான் கிடக்கு" என்றாள். பக்கத்தை மடிக்காமல் கோப்புக்குள் வைத்தாள்.

கோப்புக்குள் போனால் அது முடிந்துபோன கதை என்றுதான் நினைத்தேன். அவளுக்கு அதுதான் தொடக்கம். அவள் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தாள். அது ஒன்றிரண்டு மாதத்தில் ஆகிற காரியமில்லை. படிவம், சோதனை, அயலவரிடம் விசாரணை என்று வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஊராட்சியின் ஆட்கள் ஐந்து பேர் ஒரு மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து நேர்முகம் வைத்தார்கள். ஏன் சுவிஸ் குடிமகளாக விரும்புகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். இதற்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் பாடமாக்கி வைத்திருக்கும் விடை ஒன்று உண்டு. மலை, ஏரி, அமைதி, நேரம் தவறாத ரயில். நானும் அதைத்தான் ஒப்பித்துப் பாஸ் பண்ணினேன்.

அவள் கோப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை மேசையில் வைத்தாளாம். "இந்தப் பட்டியலிலிருந்து வெளியே வருவதற்கு" என்றாளாம்.

இதை அவள் சொன்னபோது எனக்குத் தேநீர் புரைக்கேறியது. "பைத்தியமே உமக்கு? துவக்கு வேணும் எண்டு சொல்லியே குடியுரிமை கேட்டனீர்?"

"கேட்டினம், உண்மையைச் சொன்னனான். வேறை என்ன செய்யிறது? மலை வடிவு எண்டு சொல்லக் குடியுரிமை எதுக்கு? மலையைச் சும்மாவே பாக்கலாம்."

அந்த ஐந்து பேரில் ஒரு வயதான அம்மா மட்டும் வாய்விட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்தது என்பது என் எண்ணம். சிவப்புக் கடவுச்சீட்டு வந்த அன்றைக்கு அவள் கேக் வெட்டவில்லை. ஷெஃப்பின் அறைக்கு நேரே போனாள்.

அதற்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. வின்டர்தூரில் ஒரு தமிழன் தும்மினால் ஷாஃப்ஹவுசனில் இருக்கிறவன் மருந்து சொல்லுவான். கோயில் மண்டபத்தில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றபோது, எல்லாருக்கும் புத்தி சொல்வதையே தொண்டாகச் செய்கிற ஒரு பெரியவர் அவளை மறித்தார்.

"பிள்ளை, துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். எங்களுக்கு ஏன் உந்தக் கோதாரி? அதுவும் பொம்பிளைக்கு?"

"ஐயா, ஆம்பிளைக்கு ஏன் எண்டு ஊரிலை நீங்கள் ஒருத்தனையாவது மறிச்சுக் கேட்டனீங்களோ?"

அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தணிந்த குரலில் மிச்சத்தையும் சொன்னாள். "நானும் ஓடித்தான் வந்தனான். அதுக்காகச் சாகுமட்டும் ஓடிக்கொண்டே இருக்கவேணுமோ?"

முகத்துக்கு நேரே வாயடைத்தவர்கள் முதுகுக்குப் பின்னால் திறந்தார்கள். இவள் கட்டாயம் ஊரில் ஆயுதம் தூக்கிய இயக்கத்தில் இருந்தவளாகத்தான் இருக்கும் என்றார்கள். இல்லாவிட்டால் ஏன் இந்தத் துவக்கு ஆசை? நடையைப் பார், நிமிர்ந்த நடை. தலைமயிரைப் பார், கட்டையாக வெட்டியிருக்கிறாள். இருபது வருடம் கண்முன்னால் வாழ்ந்தவளை ஒரு படிவத்தை வைத்துப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். அவள் எதற்கும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்களுக்குள் அது கேட்கிற கேள்வியில்லை.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

அந்த அட்டைக்கு விண்ணப்பிக்க, வேலைக்கு ஆயுதம் தேவை என்று நிறுவனம் ஒரு கடிதம் தரவேண்டும். அது இல்லாமல் பொலிஸ் படிவத்தைத் தொட்டும் பாராது. கடிதம் எழுதவேண்டியவர் ஷெஃப். ஒருநாள் மத்தியானம் அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோப்பி தந்தார். கதவைச் சாத்தினார்.

"நீங்கள் இருவரும் ஒரே நாடு. அவர் முன்பு அங்கே ஏதாவது ஆயுதக் குழுவில் இருந்தாரா?"

நான் சொன்ன மறுமொழி, "வைஸ் நிஷ்ட்." தெரியாது.

வேறு நாட்டவன் ஒருவன் இப்படிச் சொன்னால் அதற்குத் தெரியாது என்றுதான் அர்த்தம். எங்கள் விஷயம் அப்படியில்லை. அகதி விண்ணப்ப விசாரணைக்குப் போகமுதல், எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லு. தெரிந்ததைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லு. ஒரு சிறிய அறை, ஒரு மேசை, மொழிபெயர்ப்பாளர் ஒருவர், தட்டெழுதுகிறவர் ஒருவர். நாலு மணித்தியாலம் நான் 'தெரியாது' என்று சொல்லியே இந்த நாட்டில் கால் ஊன்றினேன். சாத்திய கதவும் மேசையும் கேள்வியும் ஒன்றாக வந்தால், என் வாய் என்னைக் கேளாமலே அந்தச் சொல்லைச் சொல்லிவிடும். ஷெஃப்புக்கு இது எப்படித் தெரியும்? 'இவன் எதையோ மறைக்கிறான்' என்று அவர் எடுத்துக்கொண்டார்.

கடிதம் வரவில்லை. அவள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்டாள். விஷயம் ஆராயப்படுகிறது என்றார் ஷெஃப். இலை உதிர்ந்து, பனி கொட்டி, பனியும் கரைந்தது. என்ன ஆராயப்படுகிறது என்று எழுத்தில் தரும்படி அவள் கேட்டாள். எப்போதும்போல நழுவிவிடுவார் என்று நினைத்தேன். இந்த முறை அவர் எழுதித் தந்துவிட்டார்.

வின்டர்தூர் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு கோப்பிக் கடைக்கு என்னை வரச்சொன்னாள். முன்னால் கடிதத்தை வைத்தாள். "வாசியுங்கோ அண்ணை."

அவளுடைய தாய்நாட்டுக் கடந்தகாலம் குறித்துச் சில சந்தேகங்கள் தீரவில்லை என்றும், அதே நாட்டைச் சேர்ந்த ஊழியர் ஒருவரிடம் விசாரித்தும் தெளிவு கிடைக்கவில்லை என்றும் அதில் இருந்தது.

"எங்கடை கிளையிலை அதே நாட்டைச் சேர்ந்த ஊழியர் எத்தினை பேர் அண்ணை?"

"ரெண்டு பேர்."

"என்னட்டை ஒருத்தரும் விசாரிக்கேல்லை."

"பிள்ளை, சத்தியமா நான் உம்மைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. தெரியாது எண்டுதான் சொன்னனான்."

"ஓம். அதைத்தான் சொன்னனீங்கள்."

அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் கோப்பிக்குச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். நான் அந்தச் சிறிய அறையைப் பற்றிச் சொன்னேன். பழக்கதோஷம் என்றேன். எல்லாருடைய வாயிலும் வருவதுதான் என்றேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"அந்த அறையாலை நீங்கள் வெளியிலை வந்து எத்தினை வருசம் அண்ணை?"

அவள் பையிலிருந்து வெள்ளைத் தாளும் பேனையும் எடுத்து என் முன்னால் தள்ளினாள். "நீங்கள் கண்டதை எழுதித் தாங்கோ. கேள்விப்பட்டது வேண்டாம், கண்டது மட்டும்."

நான் எழுதினேன். அவளை எட்டு வருடமாகத் தெரியும் என்று தொடங்கினேன். சூப்பர்மார்க்கெட் வாசலில் ஒருநாள் ஒருவன் வெறியில் போத்தலை உடைத்துப் பிடித்துக்கொண்டு நின்றதை எழுதினேன். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன், அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டியபடி அவனுக்கு முன்னால் நின்று, பொலிஸ் வரும்வரை அவனுடைய நாயைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். தூணையும் சேர்த்து எழுதினேன். மறைக்க என்ன இருக்கிறது? கடைசியில், இவர் எந்த ஆயுதக் குழுவிலும் இருந்தவர் அல்லர் என்று ஒரு வரி போட்டேன். உதவி செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

அவள் தாளை வாங்கி வாசித்தாள். என் டொய்ச்சில் இருந்த பிழைகளைத் திருத்தினாள். அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் ஒரே கோடாக வெட்டினாள்.

"ஏன் பிள்ளை வெட்டுறீர்? அதைத்தானே அவர் கேட்டவர்?"

"கேக்க அவருக்கு உரிமையில்லை. சட்டத்திலை கேக்கிறதுக்கு எல்லாம் நான் மறுமொழி எழுதிக் குடுத்திட்டன். குற்றப் பதிவு இருக்கோ எண்டு கேட்டினம், இல்லை எண்டு கடிதம் எடுத்துக் குடுத்தனான். இது அவர் தானாக் கேட்ட கேள்வி. நீங்கள் இதுக்கு இல்லை எண்டு எழுதினால் கேட்டது சரி எண்டு ஆகிப்போம். நாளைக்கு வேறை ஒரு தமிழ்ப் பிள்ளை வருவாள், அவளட்டையும் கதவைச் சாத்திப்போட்டுக் கேப்பார்."

நான் நல்ல தாளில் அந்த வரி இல்லாமல் திருப்பி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதைக் கோப்புக்குள் வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, நான் அவ்வளவு காலமும் கேட்காத அந்த விஷயத்தைத் தானே சொன்னாள். ஒரே ஒரு வசனம். ஊர் கேட்ட கேள்விக்கும் ஷெஃப் கேட்ட கேள்விக்கும் மறுமொழி அதில் முழுதாக இருந்தது.

"இப்ப உங்களுக்குத் தெரியும் அண்ணை" என்றாள். "இனி ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொல்ல ஏலாது."

ஷெஃப்பின் கடிதம், என் கடிதம், இரண்டுக்கும் மேலே அவளுடைய கடிதம். தன்னைப் பற்றிக் கேட்ட அந்தக் கேள்வி சட்டத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று ஒரே ஒரு வரி. மூன்றும் ஷெஃப்பின் மேசைக்கு, பிரதி தலைமைக் காரியாலயத்துக்கு. எட்டு மாதம் ஆராயப்பட்ட விஷயம் எட்டு நாளில் முடிந்தது. ஆயுதம் தேவை என்ற கடிதம் வந்தது.

பிறகு பொலிஸின் பரீட்சை. எழுத்துப் பரீட்சைக்கு அவள் வாசலில் நின்றபடியே படித்தாள். எப்போது துவக்கை எடுக்கலாம் என்பது சின்ன அத்தியாயம். எப்போதெல்லாம் எடுக்கக்கூடாது என்பது பெரிய அத்தியாயம். அந்தப் பெரிய அத்தியாயத்தை அவள் தேவாரம் போலப் பாடமாக்கி வைத்திருந்தாள். ஒருநாள் அந்தப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்.

"எங்களுக்குத் துவக்கு நீட்டின ஒருத்தனும் பரீட்சை எழுதிப்போட்டு வந்தவனில்லை அண்ணை."

எங்களுக்கு நீட்டியவர்கள் ஒரு பக்கத்தார் மட்டுமா? அவளும் கணக்கெடுத்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று மிச்ச நேரம் முழுக்க இருவரும் அவரவர் வாசலிலேயே நின்றோம். அப்படியான நாட்கள் எங்களுக்குள் மிகக் குறைவு.

சுடும் பரீட்சையில் முதல்முறை தவறினாள். 'பார், நடிக்கிறாள்' என்றது சனம். இரண்டாம் முறை நன்றாகச் சுட்டுத் தேறினாள். 'பார், நாங்கள் அப்பவே சொன்னோம்' என்றது அதே சனம். இவர்களுக்கு மறுமொழி சொல்லாமல் இருந்த அவளுடைய புத்தி எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அட்டை வந்த அன்று அவள் அதை என் கையில் தந்தாள். படம், அப்பாவின் பெயர், ஐந்து வருடத்துக்குச் செல்லுபடி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் அப்பாவின் பெயரை விரலால் தடவிவிட்டு, "இனி இவரும் வண்டியிலை ஏறலாம்" என்றாள். அடுத்த திங்கள் சூக்குக்குப் போன வண்டியில் அவளும் போனாள். நான் வாசலில் நின்று கை காட்டினேன்.

துவக்கு நிறுவனத்தின் சொத்து. வேலை முடிந்ததும் பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் வருவாள். இதை எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் பெண்கள் நம்பவில்லை. கலியாண வீடுகளில் அவளைக் கட்டிப்பிடிக்கிற சாட்டில் சேலைக்கு மேலால் இடுப்பைத் தடவிப் பார்த்தார்கள். அவள் நகராமல் நின்றுகொடுப்பாள். "அது ஒட்டியாணம் அக்கா. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தடவுங்கோ, அங்கை கொளுக்கி கிடக்கு" என்பாள்.

ஐந்து வருடம் வண்டியில் போனாள். ஒருநாளும் அதை உறையிலிருந்து எடுக்கவேண்டி வரவில்லை. அட்டை முடியப்போகிறது, புதுப்பிக்கப் படிவம் அனுப்புங்கள் என்று கடிதம் வந்தது. இப்போது ஷெஃப் தானாகவே தேவைக் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்திருந்தார். அவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, தனக்கு வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தாள். கட்டுப்பாட்டு அறை வேலை ஒன்று ஷாஃப்ஹவுசனில் கிடைத்திருந்தது. அதற்கு அட்டை தேவையில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு பாடுபட்டு எடுத்தது. இருந்திட்டுப் போகட்டுமே. ஏன் விடுறீர்?"

அவள் பழைய கோப்பைத் திறந்து, அந்த நாடுகளின் பட்டியலை எடுத்தாள். தாள் மஞ்சளாகிவிட்டிருந்தது. காலாவதியாகப்போகிற அட்டையை அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்டைக்கும் என்னட்டைத் துவக்கு இல்லை, இனியும் இல்லை. ஆனால் அவை தரமாட்டம் எண்டு சொல்லி இல்லாமல் இருந்தது வேறை. நான் வேண்டாம் எண்டு சொல்லி இல்லாமல் இருக்கிறது வேறை. அது உங்களுக்கு விளங்குதோ அண்ணை?"

விளங்கியது. அவள் ஷாஃப்ஹவுசனுக்குப் போய்ச் சில வருடங்களாகிவிட்டன. ஆண்டுக்கொரு முறை தொலைபேசியில் கதைப்போம். நான் இன்னும் அதே வாசலில்தான் நிற்கிறேன்.

எங்கள் சனம் இன்னும் அவளை விடவில்லை. கோயில் மண்டபத்தில், கலியாண வீட்டில், சாமத்தியச் சடங்கில், யாராவது ஒருவர் தோளை உரசிக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்துவார். "உங்களோடை வேலை செய்தாளே, அவள். உண்மையைச் சொல்லுங்கோ, இயக்கத்திலை இருந்தவள்தானே? உங்களுக்குத் தெரியாமல் இருக்காது."

முன்பென்றால் அந்தச் சொல் தானாக வந்திருக்கும். இப்போது நான் தலையை ஆட்டுவதில்லை, குரலையும் தாழ்த்துவதில்லை. பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி சொல்கிறேன்: "தெரியும். சொல்லமாட்டன்."

இவ்வளவு தூரம் வாசித்துக்கொண்டு வந்த உங்களுக்கும் அதே மறுமொழிதான்.